பொம்மைக்காகக் கார்ட்டூனா, கார்ட்டூனுக்காகப் பொம்மையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் பார்க்கும் தொடர்களையும், அவற்றின் பெயரில் விற்கப்படும் பொம்மைகளையும் பற்றிப் பெற்றோர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கதை சொல்லியாக வேண்டும்.

முதலில் வந்தது எது, தொடரா பொம்மையா?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 'பெப்பா பிக்', 'ப்ளூயி' போன்றவை தொடராகப் பிறந்தவை. குழந்தைகளுக்குப் பிடித்துப்போன பிறகு பொம்மைகள் வந்தன. ஹீ-மேன், டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மை லிட்டில் போனி மூன்றிலும் பொம்மைதான் மூத்தது. அதை விற்பதற்குத் துணையாகத் தொடர் எடுத்தார்கள். பேபிளேட் பம்பரத்தை ஜப்பானின் டகாரா கம்பெனி 1999இல் கடைக்குக் கொண்டுவந்தது, கார்ட்டூன் 2001இல் வந்தது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலும் நடப்பது அதுதான்: இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடுவது. 2013இல் தொடங்கிய 'பாவ் பட்ரோல்' தொடரைத் தயாரிப்பதே ஸ்பின் மாஸ்டர் என்ற கனடா நாட்டுப் பொம்மைக் கம்பெனி. ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் ஒரு வேலை, ஒரு சீருடை, ஒரு வண்டி. கதை எழுதும்போதே கடை அலமாரியும் கண்முன் இருந்திருக்கிறது.

அதனால் 'எது முதலில்' என்பதைவிட, கதை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

இந்த உறவு எப்போது தொடங்கியது?

டிவிக்கு முன்பே. மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் 1933இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் பொம்மைக் கம்பெனிகளுக்கு டிவியின் பலத்தைக் காட்டியது 1955தான். அதுவரை அவை பண்டிகைக் காலத்தில் மட்டும் விளம்பரம் செய்யும். அந்த வருடம் மேட்டல் 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சிக்கு 52 வாரம் ஸ்பான்சராக இருக்க ஒப்புக்கொண்டது. செலவு சுமார் 5 லட்சம் டாலர். அன்றைக்கு அந்தக் கம்பெனியின் மொத்த மதிப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். விளம்பரத்தில் காட்டிய பொம்மைத் துப்பாக்கி விற்றுத் தீர்ந்தது. கடைக்காரரிடம் பேசி விற்பதைவிடக் குழந்தையிடமே நேராகப் பேசி விற்கலாம் என்று எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த திருப்பம் 1977. 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்குக் கூட்டம் அலைமோதியது, பொம்மை உரிமம் வாங்கியிருந்த கென்னரிடமோ பண்டிகைக்குள் பொம்மை தயாராகவில்லை. உள்ளே பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றார்கள். அதில் ஒரு சீட்டு இருக்கும். அதை அனுப்பினால் சில மாதம் கழித்து நான்கு பொம்மைகள் தபாலில் வரும். அதையும் மக்கள் வாங்கினார்கள். கையில் எதுவும் கிடைக்காமலே காசு கொடுக்க வைக்கும் அளவுக்கு ஒரு கதைக்கு வலு உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

'முழுநீள விளம்பரம்' என்று இந்தத் தொடர்களைத் திட்டுகிறார்களே, அது நியாயமா?

அந்தச் சொல் புதிதில்லை. 1969இல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 'ஹாட் வீல்ஸ்' என்ற கார்ட்டூன் வந்தது. மேட்டல் அதற்கு முந்தைய வருடம் அறிமுகப்படுத்திய குட்டிக் கார்களின் பெயர் அது. போட்டிக் கம்பெனியான டாப்பர், 'இது நிகழ்ச்சியே இல்லை, அரை மணி நேர விளம்பரம்' என்று அங்கே ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்திடம் புகார் கொடுத்தது. நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகத்தான் கணக்கில் எழுத வேண்டும் என்று ஆணையம் சொன்னது. 1971இல் தொடர் நின்றுபோனது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் யாரும் அந்த வழியில் போகத் துணியவில்லை.

நியாயமா என்றால், சில தொடர்களுக்கு முழுக்க நியாயம். ஆனால் பொம்மைக்காக எடுத்தது என்பதாலேயே ஒரு தொடரைக் குப்பை என்று ஒதுக்க மாட்டேன். அதை எழுதியவர்களும் வரைந்தவர்களும் குரல் கொடுத்தவர்களும் உண்மையிலேயே கதை சொல்ல வந்தவர்கள். கீழே ஆப்டிமஸ் பிரைம் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோவின் கதையைப் படித்தால் இது புரியும்.

அப்புறம் 1980களில் என்ன மாறியது?

சட்டம் மாறியது. மார்க் ஃபவுலர் எஃப்.சி.சி. தலைவராக இருந்த காலத்தில், 1984இல், குழந்தைகள் நிகழ்ச்சியில் எவ்வளவு விளம்பரம் வரலாம் என்ற வரம்புகளை ஆணையம் எடுத்துவிட்டது. படம் காட்டும் ரொட்டி டோஸ்டர்தான் டிவி, வேறொன்றுமில்லை என்று சொன்னவர் ஃபவுலர். பெகி சாரன் முதலிய தாய்மார்கள் 1968இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்' அமைப்பு கடுமையாக எதிர்த்துப் பார்த்தது. பலனில்லை.

கதவு முழுசாகத் திறப்பதற்கு முன்பே மேட்டலின் வாள்வீரன் பொம்மையான ஹீ-மேன் உள்ளே நுழைந்துவிட்டான். பொம்மை 1982, ஃபில்மேஷன் என்ற கார்ட்டூன் கம்பெனி எடுத்த தொடர் 1983. பெரிய சேனல்களுக்குப் போகாமல், ஊர் ஊராக இருக்கும் தனி நிலையங்களுக்கு நேரடியாக விற்றார்கள். முதல் தவணையிலேயே 65 எபிசோட். இந்த 65 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம், பெருக்கினால் 65. பள்ளி விட்டு வரும் குழந்தை சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், தினமும் பார்க்கலாம். மறுபடி முதலிலிருந்து போட்டாலும் மூன்று மாத இடைவெளி இருக்கும். இந்த எண்ணிக்கை பின்னால் வந்த பல தொடர்களுக்கும் அளவாகிவிட்டது.

ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் ஹீ-மேன் பக்கத்திலிருந்து யாராவது வந்து ஒரு நீதி சொல்வார்கள். எதிர்ப்பாளர்களுக்குப் பதிலாகத்தான் அதைச் சேர்த்தார்கள். ஆனாலும் அந்த நீதி இன்றைக்கும் நினைவிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு பொம்மை எப்படிக் கதையை மாற்றும்? உதாரணம் சொல்ல முடியுமா?

ஹீ-மேன் ஏறிவரும் பச்சைப் புலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மையைக் கையில் எடுத்தால் ஒன்று உறுத்தும்: ஆளுக்குப் புலி ரொம்பப் பெரிது. காரணம், அது ஹீ-மேனுக்காகச் செய்த புலியே இல்லை. மேட்டல் அதற்கு முன்பு விற்ற 'பிக் ஜிம்' என்ற பொம்மை வரிசையில் ஒரு புலி இருந்தது. அந்த ஆள் ஹீ-மேனைவிட உயரமானவன், அவனுக்கு அளவான புலி. புது அச்சு செய்யக் காசு அதிகம். பழைய அச்சிலேயே வார்த்து, பச்சை நிறம் கொடுத்து, கோடு போட்டு, முதுகில் சேணம் மாட்டினார்கள். இவ்வளவு பெரிய புலியை வேறு என்ன செய்வது? ஏறிச் சவாரி செய்யலாம்! கார்ட்டூன் எழுதியவர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள்: பயந்த சுபாவமுள்ள ஒரு பூனை, வாளின் ஒளி பட்டதும் போர்ப்புலியாகிவிடும். செலவை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு, குழந்தைகள் நெஞ்சில் நிற்கும் ஒரு பாத்திரமாக மாறியது. பொம்மைக்கும் கதைக்கும் உள்ள உறவில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

பவர் ரேஞ்சர்ஸையும் பாருங்கள். 1993இல் வந்த தொடர், அதில் சண்டைக் காட்சிகள் ஒரு ஜப்பானியத் தொடரிலிருந்து எடுத்தவை, பொம்மைகள் பண்டாய் என்ற ஜப்பானியக் கம்பெனி செய்தவை. ஐந்து இளைஞர்கள், ஐந்து இயந்திர மிருகங்கள். ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு பெரிய ரோபோ. ஒன்று குறைந்தாலும் ரோபோ முழுமையாகாது. கதையில் அது ஒற்றுமை. கடையில் அது ஐந்து பொம்மை.

ஆப்டிமஸ் பிரைமை ஏன் கொன்றார்கள்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. கேட்பவர்கள் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். இன்னமும் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸின் மூலம் ஜப்பான். டகாராவின் 'டயாக்ளோன்', 'மைக்ரோமேன்' வரிசைகளிலிருந்து வண்டியாக உருமாறும் ரோபோக்களை எடுத்து, அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ 1984இல் ஒரே பெயரில் விற்றது. அதுவரை அவற்றுக்குக் குணமோ கதையோ கிடையாது. பின்னால் ஆப்டிமஸ் பிரைம் ஆன சிவப்பு லாரி, டயாக்ளோனில் ஒரு வண்டி, ஆள் உட்கார்ந்து ஓட்டும் வண்டி, அவ்வளவுதான். மார்வல் காமிக்ஸ் எழுத்தாளர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் எழுதி வாங்கினார்கள். 'ஆப்டிமஸ் பிரைம்' என்ற பெயரை வைத்தவர் டென்னிஸ் ஓ'நீல். பீட்டர் கல்லன் அதற்கு அடித்தொண்டையிலிருந்து அமைதியான ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரல்தான் ஒரு சிவப்பு லாரியைத் தகப்பனாக்கியது.

1986இல் திரைப்படம் வந்தது. பொம்மைக் கணக்குப்படி 1984, 85 வரிசைகள் பழசு. புது வரிசைக்கு அலமாரியில் இடம் வேண்டும். சரி, பழையவர்களைக் கதையிலிருந்து அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். படத்தின் முதல் அரை மணி நேரத்திலேயே பலர் சாகிறார்கள். ஆப்டிமஸ் ஒரு மேடையில் கிடக்கிறார், கண்ணில் ஒளி மங்குகிறது, சிவப்பும் நீலமுமான உடம்பு மெல்லச் சாம்பல் நிறமாகிறது. தியேட்டரில் குழந்தைகள் வாய்விட்டு அழுதார்கள். கடிதங்கள் குவிந்தன. எடுத்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. விற்று முடிந்த சரக்கு ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாகத்தான் நினைத்திருந்தார்கள்.

1987இன் தொடக்கத்தில் இரண்டு எபிசோட்களில் அவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதோடு, அப்போது தயாராகிக்கொண்டிருந்த, ஹாஸ்ப்ரோவின் இன்னொரு பொம்மை வரிசையான ஜி.ஐ. ஜோவின் படத்திலும் முக்கியமான ஒருவர் சாவதாக இருந்தது. வசனத்தை மாற்றி, அவர் கோமாவில் இருக்கிறார் என்று சொல்ல வைத்தார்கள். காட்சியைப் பார்த்தால் ஆள் செத்தது மாதிரிதான் இருக்கும்!

ஒரு பொம்மையை விற்கக் கதை சொன்னார்கள். குழந்தைகள் கதையை நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு கடமை இருக்கிறது என்பதை அந்த அழுகைதான் அவர்களுக்குச் சொன்னது. பொம்மைத் தொடர்களை லேசாகப் பேசுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

ஜப்பானில் நிலைமை வேறா?

அங்கே பொம்மைக் கம்பெனி வெளிப்படையாகவே ஸ்பான்சர். பொம்மை விற்கவில்லை என்றால் தொடர் நிற்கும். 1979இல் வந்த 'மொபைல் சூட் குண்டம்' என்ற ரோபோ கார்ட்டூன் அதற்குப் பேர்போன உதாரணம். ஸ்பான்சர் க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. பொம்மை விற்பனை மந்தம், பார்ப்பவர்களும் குறைவு. நடுவில் ரோபோவோடு இணையும் ஒரு விமானத்தைக் கதையில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தார்கள். அப்படியும் 52 எபிசோடாகத் திட்டமிட்ட தொடர் 43இல் முடிந்தது.

1980இல் பண்டாய் அதே ரோபோக்களை ஒட்டிப் பொருத்தும் பிளாஸ்டிக் மாடல்களாக விற்றது. அதுதான் பிய்த்துக்கொண்டு போனது. தொடரைப் பார்த்தவர்கள் க்ளோவர் நினைத்ததைவிடப் பெரிய பிள்ளைகள். அவர்களுக்குப் பளபளக்கும் விளையாட்டுப் பொம்மை வேண்டாம், திரையில் பார்த்த இயந்திரத்தைத் தங்கள் கையால் கட்ட வேண்டும். பின்னால் தொடரைத் திரைப்படங்களாகத் தொகுத்தபோது, இயக்குநர் டொமினோ அந்த இணையும் விமானத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். கதை கேட்டது எது, ஸ்பான்சர் கேட்டது எது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நிறையப் பேர் பார்க்கும் தொடர்கூடத் திடீரென்று நின்றுவிடுகிறதே?

பெரும்பாலும் கணக்குதான். அனிமேஷனுக்கு ஆகும் செலவு ஒளிபரப்பு வருமானத்தில் மட்டும் திரும்பாது. மீதியைப் பொம்மை, பை, சட்டை, டப்பா என்று உரிமத்தில் வரும் ராயல்டி ஈடுகட்ட வேண்டும். பார்ப்பவர்கள் இருந்தும் வாங்குபவர்கள் இல்லையென்றால் தொடருக்கு ஆயுள் குறைவு.

தொடராகவே பிறந்தவை தூய்மையானவை என்று சொல்லலாமா?

தூய்மை என்ற சொல் வேண்டாம். 'செசமி ஸ்ட்ரீட்' 1969இலிருந்து வருகிறது. நடத்துவது லாப நோக்கமில்லாத அமைப்பு. உரிமத்தில் வரும் பணம் அந்த நிகழ்ச்சியை எடுக்கவே பயன்படுகிறது. 1996இல் வயிற்றைத் தொட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் எல்மோ பொம்மைக்குக் கடைகளில் அடிதடியே நடந்தது. அந்தப் பணம் எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போனது. இதை எப்படிக் குறை சொல்வது?

2018இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'ப்ளூயி'யை எடுத்துக்கொண்டால், ஏழு நிமிட எபிசோட் ஒன்றில் குழந்தைகள் ஒரு பலூனைத் தரையில் படாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதுதான் முழுக் கதையும். வாங்க வேண்டிய பொருள் ஏதும் இல்லாத விளையாட்டு. ப்ளூயி பொம்மைகளும் அமோகமாகத்தான் விற்கின்றன, ஆனால் அந்தக் கதை அவற்றுக்காக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மேலே சொன்ன மேசைக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள், பதில் தானாக வரும்.

ஒரு தொடர் பொம்மைக்காக வளைகிறதா என்று வீட்டில் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வண்டியோ ஆயுதமோ உருமாறும் அதே காட்சி ஒவ்வொரு எபிசோடிலும் முழுசாக, நிதானமாக வருகிறதா? ஒவ்வொரு சீசனிலும் அதே பாத்திரங்களுக்குப் புது உடையும் புது வாகனமும் முளைக்கின்றனவா? ஒரு பிரச்சினை யோசித்துத் தீர்கிறதா, கருவியை எடுத்தால் தீர்கிறதா? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ய 1980இலிருந்து தடை. ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான டிவி விளம்பரம் கூடாது. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டம், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் மணிக்கு வார நாட்களில் 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று விளம்பரத்துக்கு வரம்பு வைத்தது. பொம்மையை வைத்துத் தொடர் எடுக்கலாம். அந்தத் தொடர் ஓடும்போது அதே பொம்மையின் விளம்பரம் வரக்கூடாது. வந்தால் மொத்த நிகழ்ச்சியும் விளம்பரமாகக் கணக்காகும்.

இது ஏட்டுச் சட்டம் மட்டுமில்லை. 2018இல் பல நிலையங்கள் ஒரு கார் கார்ட்டூனுக்கு நடுவே அதே கார் பொம்மையின் விளம்பரத்தைப் போட்டுவிட்டன. 2022இல் எஃப்.சி.சி. மொத்தம் சுமார் 34 லட்சம் டாலர் அபராதம் விதிக்க முன்வந்தது. எந்தக் கார் தெரியுமா? 1969இல் பார்த்த அதே ஹாட் வீல்ஸ்.

விளம்பரம் என்று குழந்தைக்குத் தெரியாதா?

நான்கைந்து வயதுவரை நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பதே பல குழந்தைகளுக்குப் பிடிபடாது. இது நம்மிடம் எதையோ விற்கப் பார்க்கிறது என்ற புரிதல் ஏழெட்டு வயதுக்கு மேல்தான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் குழு 2004இல் இதை எடுத்துச் சொல்லி, எட்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சொன்னது. நிகழ்ச்சியே பொம்மையாக இருக்கும்போது கோடு எங்கே என்று பெரியவர்களுக்கே குழப்பம். குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

யூடியூபில் பொம்மைப் பெட்டியைப் பிரிக்கும் வீடியோக்கள்?

இதுதான் இன்றைக்கு எனக்கு அதிகக் கவலை. மேலே சொன்ன அமெரிக்க நிமிடக் கணக்கு டிவிக்குத்தான், இங்கே செல்லாது. கதை என்ற ஒன்றே தேவையில்லை. பெட்டியைப் பிரிக்கும் அந்த ஆவல்தான் நிகழ்ச்சி. ஹீ-மேனுக்காவது ஒரு பூனையும் புலியும் எழுத வேண்டியிருந்தது. பிரிக்கும் வீடியோவில் பெட்டி திறந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது, அடுத்த பெட்டி வருகிறது. சிறு குழந்தையைத் தனியாக உட்காரவைத்துப் பார்க்கவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொம்மையோடு கதையும் வந்துவிட்டால் குழந்தையின் கற்பனை கெடாதா?

தொடரில் பார்த்ததை அப்படியே திரும்பச் செய்யும் விளையாட்டைப் பல ஆசிரியர்கள் கவனித்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. 1987இல் மேட்டல் விற்ற 'கேப்டன் பவர்' விமானம் அதன் உச்சம். டிவி திரையைப் பார்த்துக் குறிவைத்துச் சுட வேண்டும். திரையில் மின்னும் ஒளியை வைத்துப் புள்ளி ஏறும், இறங்கும். புள்ளி தீர்ந்தால் விமானி இருக்கையோடு தூக்கி எறியப்படுவார். குழந்தை தானாகச் சேர்க்க அதில் என்ன இருக்கிறது? 22 எபிசோடில் அந்தத் தொடர் முடிந்தது.

மற்றபடி, குழந்தைகள் நாம் பயப்படுவதைவிடக் கெட்டிக்காரர்கள். என் அக்கா மகனிடம் பாவ் பட்ரோலின் தீயணைப்பு வண்டி ஒன்று இருந்தது. நாய்க்குட்டி வந்த முதல் வாரமே தொலைந்துவிட்டது. வேறு வாங்கித் தருகிறேன் என்றார் அக்கா. அவன் அதற்குள் கொடியில் கிடந்த நீலநிறத் துணி கிளிப் ஒன்றை ஓட்டுநர் இருக்கையில் செருகிவிட்டான். கிளிப்புக்குப் பெயர் வைத்தான், குரல் கொடுத்தான். அந்த வண்டி தீயை அணைக்கவே போகாது. சோஃபாவுக்கு அடியில் காணாமல் போன காலுறைகளைத் தேடப் போகும்.

என் குழந்தை அந்தப் பொம்மைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறதே, வாங்கலாமா?

முடிந்தால் ஒன்று வாங்குங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐந்தும் சேர்ந்தால்தான் முழுமை என்ற வலையில் மட்டும் விழ வேண்டாம். வாங்கித் தந்த பிறகு தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, 'இவன் பெயர் என்ன, இன்றைக்கு எங்கே போகிறான்?' என்று கேளுங்கள். தொடரில் வந்த பதிலையே சொன்னால், 'அப்புறம்?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். இரண்டாவது 'அப்புறம்'முக்குப் பெரும்பாலும் குழந்தையின் சொந்தக் கதை வந்துவிடும்.